சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஆட்டக்காரரா?

வாசகசாலை உத்தியோகத்துக்கு வருகிறவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே வருகிறவர்கள் வாசிக்க வருவதில்லை என்பதைத்தான். விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் பூப்பந்துக் கிளப்பின் வாசகசாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். வேறு ஊர்களில் இதே மாதிரி உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், பாதியிலேயே தலையை ஆட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் நிழலுக்கு வருவார்கள். மீதிப் பேர் யுத்தச் செய்தி படிக்க வந்து, படிக்காமலேயே அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். புத்தகம் கேட்டு வருகிறவர் ஒரே ஒருவர் உண்டு. அவர் கேட்கிற புத்தகம் எங்களிடம் கிடையாது.

எனக்கு இந்த நாற்காலி கிடைத்தது என் வீட்டுக்காரரால். அவர் இந்தக் கிளப்பின் பின்வரிசை ஆட்டக்காரர். பட்டாளத்து ரயில் வேலையில் சேர்ந்து பர்மா எல்லைப் பக்கம் போனார். கான்வென்டில் படித்தவள், கைக்குழந்தைக்காரி என்று கிளப்பார் இரக்கப்பட்டு வேலை கொடுத்தார்கள். குழந்தைக்குத் தூளி கட்ட உத்தரத்தில் ஒரு கொக்கியும் அடித்துக் கொடுத்தார்கள். போன மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடையிலிருந்து அவரிடமிருந்து கடிதம் இல்லை. சர்க்காரிடமிருந்தும் எதுவும் இல்லை; அது நல்லது. குழந்தை தூங்கின பிறகு இதை எழுதுகிறேன். ரேஷன் மண்ணெண்ணெய், ஆகையால் சுற்றி வளைக்க முடியாது. சமீபத்தில் எங்கள் கிளப்பைப் பிடித்து ஆட்டின விவகாரம், அவருடைய படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டலாமா, கூடாதா என்பது. கூடாது என்கிற கட்சியில் மனப்பூர்வமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.

நிழலுக்கு வந்தவர்

புதுச்சேரி வண்டிக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் ஒரு நாள் வெயில் தாங்காமல் உள்ளே வந்தார். எங்கள் கூடத்துச் சுவரில் நாலு ஆட்டக்காரர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. கிளப்பின் மகா ஆட்டக்காரர்கள் என்று தீர்மானம் போட்டு மாட்டினவை. ஒவ்வொன்றுக்கும் சந்தனச் சீவல் மாலை. வெள்ளிக்கிழமை தவறாமல் கன்னியப்பன் கண்ணாடி துடைத்துக் குங்குமம் வைப்பான். அவன்தான் எங்கள் ஆட்டத் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோடு போடுகிறவன்.

பெரியவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, நாலு படத்துக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார். எப்போது காலமானார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். ஒவ்வொருவருக்கும் உச்சுக் கொட்டினார். பிறகு நாலாவது படத்துக்குப் பக்கத்தில் செக்ரடரி முந்தின நாள் அடித்துவிட்டுப் போன வெறும் ஆணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்:

"அஞ்சாவதா போனவரு யாரும்மா?"

மல்லாட்டையை உடைத்துப் பார்ப்பது

எங்கள் பக்கத்தில் ஆட்டக்காரரை மதிப்பிடுவதும் மண்டியில் மல்லாட்டையை மதிப்பிடுவதும் ஒரே மாதிரி. கையில் அள்ளுவார்கள், குலுக்குவார்கள், உடைத்து வாயில் போடுவார்கள், அதற்கப்புறம்தான் பேச்சு. என் வீட்டுக்காரரை என் கண்ணெதிரே ஒரு மத்தியானம் முழுக்க அப்படி உடைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஃபயர்மேன் முனுசாமி. அவருக்கு முன்வரிசையில் நின்று ஆடினவர். நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். இன்னொரு பக்கம் பார்சல் ஆபீஸ் வெங்கடேசன். மட்டையைக் கையால் தொட்டதில்லை, ஆனால் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் விட்டதில்லை.

முனுசாமி அண்ணாவின் வாதம், ஆரோக்கியசாமி பின்னால் நின்றால் முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பது. எந்தப் பந்தும் திரும்பி வந்துவிடும். வெங்கடேசனின் வாதம், திரும்பி வருவது தபாலுக்குத்தான் பெருமை, ஆட்டத்துக்கு இல்லை என்பது. சுவரில் முதல் படத்தில் இருக்கிற சிகாமணி வெட்டினால் கம்பளிப் பந்து விழுந்த இடத்திலேயே படுத்துவிடுமாம். சிகாமணியைப் பார்க்க ஜனங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். ஆரோக்கியசாமிக்காக யாராவது அடுப்பை அணைத்தார்களா? மாகாண டீமில் ஒரு தரமாவது எடுத்தார்களா? மெட்ராஸ் பையன்களை விட்டால் யாரை எடுக்கிறான் என்றார் அண்ணா. இவரை மாட்டினால் திருக்கோவிலூர் தணிகாசலத்தையும் மாட்ட வேண்டும், அவரை மாட்டினால் அவர் தம்பி சும்மா இருப்பானா என்றார் வெங்கடேசன். நடுவில் குழந்தை அழுதது. அண்ணா வாதத்தை நிறுத்தாமலே ஒரு கையால் தூளியை ஆட்டினார்.

அன்றைக்கு வந்த பத்திரிகையை நான் வெங்கடேசனுக்குத்தான் முதலில் கொடுத்தேன். அவர் அதை மடித்து விசிறிக்கொண்டு முடிவாகச் சொன்னார்:

"ரொம்ப நல்ல ஆட்டக்காரன்தான், நான் இல்லேங்கல. ரொம்ப நல்லவனையெல்லாம் ஏத்தினா அப்புறம் சுவரு எதுக்கு, ஊரே போதுமே."

திண்டிவனத்தில் குறை தேடப் போனது

செக்ரடரி வரதராஜுலு டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் கேட்டு, பார்த்து, ஓட்டை போட்டுத்தான் விடுவார். திண்டிவனத்து டோர்னமெண்ட்தான் இந்தப் பக்கத்தில் பெரிசு, ஆகையால் அங்கே ஆட்டம் பார்த்தவர்களின் அபிப்பிராயம் வேண்டும் என்றார். என் பிறந்த ஊர் திண்டிவனம், எழுதவும் தெரியும் என்பதால் என்னையே அனுப்பினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் போனேன். செக்ரடரிக்கு வேண்டியது அபிப்பிராயம். எனக்கு வேண்டியது குறை.

முதலில் மல்லாட்டை மண்டி ராமலிங்கம். டோர்னமெண்டுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தவர் அவர். என் வீட்டுக்காரருக்கு ஆட்டத்தில் கோபம் வருமா என்று கேட்டேன். வராது என்றார். சோம்பேறித்தனம்? கிடையாது என்றார். பிறகு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்று, ஒரு வருஷத்துப் பைனலில் தென்கிழக்குக் காற்று கிளம்பினபோது எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்து மட்டையை வீசிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பந்து கீழே இறங்குகிறவரை எப்படி நின்றார் என்பதை நடித்தே காட்டினார். அடுத்தது அம்பயராக இருந்த டிராயிங் மாஸ்டர். என் வீட்டுக்காரர் அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தது என்று மாஸ்டர் இவர் பக்கம் தீர்ப்புச் சொன்னாராம். இவர் வந்து இல்லை சார், வெளியே என்றாராம். அது அம்பயரை அவமானப்படுத்தின மாதிரி ஆகாதா என்று எடுத்துக் கொடுத்தேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆகாது என்றார்.

கடைசியில் மைதானத்து ஓரத்தில் இருந்த சோடாக் கடைக்காரர் என்னைக் காப்பாற்றினார். இடது பக்கம் பந்து போட்டால் போதும், ஆள் கோயில் குதிரை மாதிரி அப்படியே நின்றுவிடுவார் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு, இன்னும் ஏதாவது உண்டா, கால் இழுக்குமா, மூச்சு வாங்குமா, யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கோலிக் குண்டை அழுத்துவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"நீ அவருக்கு இன்னாம்மா வேணும், இம்மாம் விரோதமா கேட்டுக்கினு இருக்கியே?"

பெயர் வராத வாசிப்பு

கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானத்தைப் படிப்பது வாசகசாலைக்காரியின் வேலை. எங்கள் பிரசிடெண்ட் ஒரு வக்கீல். படிக்காமல் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். கான்வென்டில் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தார்கள், பின்னல் கற்றுக்கொடுத்தார்கள், நாலு குரலில் கீர்த்தனை பாடக் கற்றுக்கொடுத்தார்கள். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்ல மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. மதர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லாததால் அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எழுதுவதற்குத் தடை இல்லை. சொல்லத்தான் நாக்கு எழும்பாது. எங்கள் வீட்டில் அம்மா, சித்தி யாருமே சொல்லி நான் கேட்டதில்லை.

"நமது சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரராகிய ஸ்ரீ" என்பது வரைக்கும் நன்றாகப் படித்தேன். அங்கே நின்றேன். மறுபடியும் 'ஸ்ரீ' என்றேன். மறுபடியும் நின்றேன். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிரசிடெண்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து செக்ரடரி எழுந்தார். எல்லோரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள். இறந்துபோன அங்கத்தினருக்கு எங்கள் கிளப்பில் அப்படித்தான் நிற்பது வழக்கம்.

அவர் பேர்தான் வரவில்லை, வேறொன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதுவும் வரவில்லை. கூடச் சேர்ந்து எழுந்து நின்றால் நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கேட்டவர்கள் மனம் இளகுகிற குரலில் பிரசிடெண்ட் சொன்னார்:

"நீ எழுந்திருக்கலேன்னு யாரும் தப்பா நினைக்கல, அம்மா. எங்களுக்கு எல்லாம் புரியுது."

சட்டம் போடுகிறவர்

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிற காதர் பாயை செக்ரடரி அதற்கு முன்பே என்னிடம் அனுப்பிவிட்டார். யுத்த காலத்தில் கண்ணாடி கிடைப்பது பேஜாராக இருக்கிறதாம், கையில் ஒரே ஒரு கண்ணாடி மிச்சம் இருக்கிறதாம், வேறு யாராவது கேட்பதற்குள் ஜல்தி முடித்துவிடலாம் என்றார் பாய். நல்ல மனுஷர். சந்தன மாலை தொங்க சட்டத்தின் மேல் இரண்டு மூலையிலும் பித்தளைக் கொக்கி இனாமாக வைத்துத் தருவதாகவும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் இருக்கிற படம் ஒன்றுதான். திண்டிவனத்தில் கல்யாணத்தன்று கோயில் வாசலில் எடுத்தது. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார், நான் பக்கத்தில் பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இருவருமே போட்டோக்காரரைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறோம். படத்தில் நானும் இருக்கிறேன், ஆகையால் சுவருக்கு ஆகாது என்று பாயிடம் சொன்னேன். தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பாய்க்கு இது புதிதல்லவாம். மாசத்துக்கு இரண்டு மூன்று பேர் இப்படித்தான் கல்யாணப் படத்தோடு வருகிறார்களாம். முழங்கோலை இடுப்பில் செருகிக்கொண்டே ஆறுதலாகச் சொன்னார்:

"உங்க பாதிய கிழிக்கவே மாட்டேன் தங்கச்சி. மடிச்சு பின்னால வெச்சிடறேன். அவரு முதுகுக்குப் பின்னாடியேதான் இருப்பீங்க."

முனுசாமி அண்ணா பேப்பர் படிக்காத நாள்

படத்தைக் கொடுக்க மாட்டேன் என்று பாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன். செக்ரடரிக்கு வருத்தம். என்னிடம் பேசிப் பார்க்கும்படி முனுசாமி அண்ணாவை அனுப்பினார். அண்ணா இன்ஜின் கரி கழுவாத முகத்தோடு வந்து உட்கார்ந்தார். பாய் வீணாக வந்துவிட்டுப் போனார், நீ இன்னாம்மா இப்படிப் பண்றே என்றார். வெங்கடேசனோடு மாரடித்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். "நம்ம ஆரோக்கியம் வந்து இத்தப் பாத்தான்னு வெச்சுக்க, எம்மாம் சந்தோஷப்படுவான்" என்றார்.

இந்த விவகாரம் ஆரம்பித்ததிலிருந்து 'வந்து' என்கிற சொல்லைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரிடம் கேட்க முடிந்தது. "அந்தச் சுவரில் இருக்கிறவர்களில் யார் அண்ணா வந்து பார்த்தார்கள்?" என்றேன்.

சகுனம் பார்ப்பது பாவம் என்று கான்வென்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் சகுனம் பார்க்கவில்லை. ஊரே சேர்ந்து ஒரு மனுஷருக்கு மாலை போட்டுவிட்டால், அதற்குப் பிறகும் அவருக்காக ஒருத்தியால் தனியாகக் காத்திருக்க முடியுமா என்றுதான் யோசித்தேன். நாள் பூராவும் நான் உட்கார வேண்டியது அந்தச் சுவருக்கு எதிரில். வெள்ளிக்கிழமை தோறும் கன்னியப்பன் குங்குமச் சிமிழோடு வருவான். குழந்தை பேச ஆரம்பிக்கும். அது யார் என்று கேட்கும். இதையெல்லாம் அண்ணாவிடம் சொல்லவில்லை. அவர் முதல் படத்திலிருந்து நாலாவது படம் வரைக்கும் பார்த்தார், பிறகு ஆணியைப் பார்த்தார். பிரசிடெண்டும் மற்றவர்களும் எதற்காக எழுந்து நின்றார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன், வாங்காமலே எழுந்தார். வாசல்படியில் நின்று, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"தினம் இதுக்கு எதிர்லதான் பேப்பர் பாத்துக்கினு இருக்கேன். ஒரு நாளும் தோணலைம்மா."

தீர்மானம்

அடுத்த கூட்டத்தில் திண்டிவனத்து அபிப்பிராயங்களை செக்ரடரியே படித்தார். நான் எழுதிக்கொண்டு வந்தவைதான். காற்றில் நின்ற கதையைக் கேட்டுக் கைதட்டினார்கள். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தைக் கேட்டு 'ஆகா' என்றார்கள். நான் பெரிதும் நம்பியிருந்த இடது பக்கத்தைப் படித்தபோது, இவ்வளவு குறையை வைத்துக்கொண்டா இவ்வளவு ஆடினார் என்று அதற்கும் ஒரு கைதட்டு. உடனே வெங்கடேசன் எழுந்து, தனக்கு விஷயம் முழுக்கத் தெரியாமல் பேசிவிட்டதாகவும், எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தார். இத்தனை நாள் நான் பத்திரிகையை முதலில் கொடுத்து வளர்த்த கட்சி அத்துடன் முடிந்தது. வேறு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பிரசிடெண்ட் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

முனுசாமி அண்ணா எழுந்தார். ஆட்சேபிக்கிறேன் என்றார். சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஆரோக்கியசாமி பெரிய ஆட்டக்காரன் இல்லை என்றார். முன்னால் தான் நின்றதால்தான் பின்னால் அவன் ஆட்டம் எடுபட்டது என்றார். வெட்டத் தெரியாது, முதல் ஆட்டத்தில் எப்போதும் தூக்கம், சர்வீஸ் போடுவது சோற்றுக்கு மோர் ஊற்றுகிற மாதிரி என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூடவே ஆடி, கூடவே சாப்பிட்டவன் பேசுகிற பேச்சா இது என்று வெங்கடேசன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். பொறாமைக்காரன் என்று ஒருவர் சொன்னார். அதைவிட மோசமாக இன்னொருவர் சொன்னார். ஆள் இல்லாத நேரத்தில் ஆளை எடை போடுவது நியாயமில்லை, அவன் வரட்டும், இந்தத் தரையில் ஒரு சீசன் ஆடிக் காட்டட்டும், அப்புறம் தீர்மானிக்கலாம் என்று மட்டும் அண்ணா சொன்னார்.

பிரசிடெண்ட் அண்ணாவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தூளியில் கிடந்த குழந்தையையும், பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆட்டக்காரர் நேரில் வந்து ஆடிக் காட்டும்வரை இந்த விஷயம் நிற்கட்டும், அதுதான் முறை என்றார். வக்கீல் முறை என்று சொன்ன பிறகு மறுப்பேது, எல்லோரும் கை தூக்கினார்கள். என்ன காரணம் என்று எழுதுவது என்று செக்ரடரி கேட்டார். காரணம் இல்லாமல் அவர் எதையும் விடுகிறவர் இல்லை. முனுசாமி அண்ணா என் மேஜைக்கு வந்து குனிந்து சொன்னார்:

"இடது பக்கம் சரியில்லைன்னு எழுதிக்கோம்மா. வந்து சரிபண்ணிக் காட்டட்டும், எங்க போயிடுவான்."

என் வீட்டுக்காரர் இப்போதைக்குத் தகுதியில்லாதவர் என்று ஏகமனதாக நிறைவேறின தீர்மானத்தை, நானே என் கையால் முத்து முத்தாக எழுதி, மை கலைந்துவிடாமல் காய்கிறவரை ஊதிக்கொண்டிருந்தேன் என்பதுதான் இந்த உத்தியோகத்தில் இதுவரை நான் கண்ட சுகம்.